விலாசம் எங்கே, விளம்பரம் அங்கே

சென்னையின் அம்பத்தூர் வட்டாரத்திலுள்ள மண்ணூர்பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் சொல்லிக்கொண்டு வரும் நிறுத்தங்களில் பல கம்பெனிப் பெயர்கள்தான். லூகாஸ், பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள், டன்லப். ஊர்ப் பெயரைவிடக் கம்பெனிப் பெயர் சொன்னால்தான் இங்கே பலருக்கு வழி தெரியும். 1949ல் முருகப்பா குடும்பத்தார் பிரிட்டிஷ் கூட்டாளிகளோடு சேர்ந்து அம்பத்தூரில் தொடங்கிய சைக்கிள் தொழிற்சாலை முதல் வரவு. 1955ல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ், 1959ல் அம்பத்தூரில் டன்லப் டயர், 1960ல் பாடியில் வீல்ஸ் இந்தியா, 1962ல் அதே பாடியில் சுந்தரம்-கிளேட்டன் என்று வரிசையாக வந்தன. அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தபின், மண்ணூர்பேட்டை மூன்று பக்கமும் ஷிஃப்ட் சங்கு கேட்கும் ஊராகிவிட்டது.

இவற்றில் பல, பொதுமக்களிடம் பங்கு விற்றுச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள். பட்டியலிட்ட கம்பெனி தன் கணக்கைத் தானே வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. போர்டு எப்போது கூடுகிறது, காலாண்டில் லாபமா நஷ்டமா, டிவிடெண்டு யாருக்கு, பொதுக்குழு எந்தத் தேதியில் என்று ஊரறியச் சொல்ல வேண்டும். சொல்வதற்குச் செலவாகும். அந்தச் செலவைப் பங்குதாரரின் பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். நூறாண்டுக்கும் மேலாக இந்தச் செலவு நடந்துவருகிறது. ஆனால் அறிவிப்பு போய்ச் சேர்ந்த ஊர், சட்டம் சொன்ன ஊர். மண்ணூர்பேட்டைக்காரருக்குப் பெரும்பாலும் அது பக்கத்து ஊராகக்கூட இருந்ததில்லை.

1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டத்திலேயே இதற்கு வித்து இருக்கிறது. உறுப்பினர் பதிவேட்டை ஆண்டுக்கு மொத்தம் 45 நாள், ஒரே மூச்சில் 30 நாளுக்கு மேற்படாமல் மூடி வைக்கலாம். மூடுவதற்கு ஏழு நாள் முன்பு, பதிவு அலுவலகம் இருக்கும் மாவட்டத்தில் புழங்கும் ஒரு பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். 1956 சட்டம் இதை 154ஆம் பிரிவாக எடுத்துக்கொண்டது, 2013 சட்டம் 91ஆம் பிரிவாக.

பதிவேட்டை ஏன் மூட வேண்டும்? பங்குகள் கம்ப்யூட்டருக்குள் போகாத காலத்தில் இது கைவேலை. பங்கு கைமாறும்போது விற்றவர் கையெழுத்திட்ட மாற்றுப் பத்திரமும் பங்குச் சான்றிதழும் கம்பெனிக்கு வரும். குமாஸ்தா கையெழுத்தைப் பழைய மாதிரியோடு ஒப்பிட்டு, தடித்த பேரேட்டில் ஒரு ஃபோலியோவில் கழித்து இன்னொரு ஃபோலியோவில் கூட்டுவார். டிவிடெண்டு அறிவித்துவிட்டால் யார் பெயருக்கு வாரண்டு எழுதுவது? பேரேடு ஓடிக்கொண்டே இருந்தால் பட்டியல் முடியாது. எனவே கதவைச் சாத்திவிட்டு எழுதினார்கள். ‘பேரை மாற்ற வேண்டியவர்கள் அதற்குள் பத்திரத்தை அனுப்பிவிடுங்கள்’ என்பதுதான் அந்த ஏழு நாள் விளம்பரத்தின் பொருள். வெறும் சடங்கல்ல, அதைப் பார்க்கத் தவறியவருக்கு அந்த ஆண்டு டிவிடெண்டு பழைய சொந்தக்காரர் பெயருக்குப் போய்விடும்.

1956 சட்டத்தின் 53ஆம் பிரிவு இன்னும் சுவையானது. தபாலில் போட்ட கூட்ட அறிவிப்பு, போட்ட 48 மணி நேரத்தில் கிடைத்துவிட்டதாகக் கொள்ளப்படும். இந்தியாவில் விலாசமே கொடுக்காத உறுப்பினருக்கு என்ன செய்வது? பதிவு அலுவலகத்தின் அக்கம்பக்கத்தில் புழங்கும் பத்திரிகையில் விளம்பரம் வந்தால், வந்த நாளிலேயே அவருக்குச் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு. உறுப்பினர் லண்டனில் இருப்பார், பத்திரிகை தம்புச்செட்டித் தெருவில் விற்கும். சட்டத்தின் பார்வையில் அவர் படித்தாயிற்று.

‘மாவட்டம்’, ‘அக்கம்பக்கம்’ என்ற இந்த இரண்டு சொல்லும் அம்பத்தூர் வட்டாரத்தில் கொஞ்சம் வேடிக்கை காட்டின. அம்பத்தூர் முதலில் செங்கல்பட்டு மாவட்டம். 1997ல் அது பிரிந்தபோது திருவள்ளூர் மாவட்டம். 2011ல் நகராட்சி கலைந்து சென்னை மாநகராட்சியின் மண்டலமானது, ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் திருவள்ளூராகவே நின்றது. 2018 ஜனவரியில் சென்னை மாவட்டம் விரிந்தபோதுதான் அம்பத்தூர் வட்டம் சென்னையோடு சேர்ந்தது. தொழிற்பேட்டையிலேயே பதிவு அலுவலகம் வைத்திருந்த கம்பெனி ஒரு கதவைக்கூட நகர்த்தாமல் மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது. நல்லவேளை, சென்னையில் அச்சாகும் பத்திரிகைகள் அங்கும் வந்துகொண்டிருந்ததால் விளம்பரத்துக்குச் சிக்கல் வரவில்லை.

அப்படி இங்கேயே பதிவு அலுவலகம் வைத்திருந்தவர்கள் குறைவு. தொழிற்சாலைக்கு நிலம் மலிவாகக் கிடைத்த இடம் அம்பத்தூரும் பாடியும். கையெழுத்துப் போடும் மேஜை மட்டும் நகரத்தில். டி.ஐ. கம்பெனிக்குப் பாரிமுனைப் பக்கம், சுந்தரம்-கிளேட்டனுக்கு ஹாடோஸ் ரோடு, வீல்ஸ் இந்தியாவுக்குப் பட்டுல்லாஸ் ரோடு. இவையாவது அதே சென்னை, அதே தமிழ்ப் பத்திரிகை. பிரிட்டானியாவின் கதை வேறு. பாடியில் பிஸ்கட் வாசனை வீசிய நிறுத்தம் இருந்தாலும் பதிவு அலுவலகம் கொல்கத்தாவின் ஹங்கர்ஃபோர்டு தெருவில். வட்டார மொழிப் பத்திரிகை என்று சட்டம் கேட்டால் அது வங்காளிப் பத்திரிகை. பாடி தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கையில் பத்துப் பங்கும் வைத்திருந்த ஒருவருக்காகத் தமிழில் ஒரு வரி வெளியிடச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பதிவேடு மூடும் விளம்பரம் ஆண்டுக்கு ஒருமுறைதான். செலவு ஏறியது காலாண்டு முடிவுகளால். பங்குச் சந்தையோடு கம்பெனி செய்துகொள்ளும் பட்டியல் ஒப்பந்தத்தின் 41ஆவது ஷரத்து, தொண்ணூறுகளின் இறுதியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடச் சொன்னது. போர்டு கூடப் போகிறது என்று முன்கூட்டி ஒரு விளம்பரம். போர்டு முடிந்த 48 மணி நேரத்துக்குள் முடிவுகளோடு இன்னொன்று. இரண்டும் நாடு முழுக்கப் புழங்கும் ஒரு ஆங்கில நாளிதழிலும், பதிவு அலுவலகம் இருக்கும் பகுதியின் மொழியில் வரும் ஒரு நாளிதழிலும் வர வேண்டும். கணக்குப் போட்டால் நான்கு காலாண்டு, காலாண்டுக்கு இரண்டு விளம்பரம், ஒவ்வொன்றும் இரண்டு பத்திரிகையில்: ஆண்டுக்கு 16. பதிவேடு மூடல், பொதுக்குழு, மின்வாக்குப் பதிவு எல்லாம் அதற்கு மேல். 2015 டிசம்பர் 1 முதல் ஒப்பந்தத்தின் இடத்தில், பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் வாரியமான செபியின் பட்டியல் விதிமுறைகள் வந்தன. 41ஆவது ஷரத்தின் விளம்பரக் கட்டாயம் 47ஆவது விதியாகப் பெயர் மாறித் தொடர்ந்தது.

விளம்பரத்தின் விலை சென்டிமீட்டரில் போகிறது. பத்திரிகையின் ரேட் கார்டில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கட்டணம், எல்லாப் பதிப்புக்கும் சேர்த்து ஒரு கட்டணம், பக்கத்துக்குப் பக்கம் வேறுபாடு என்று இருக்கும். இடத்தின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிக் கட்டணத்தோடு பெருக்கினால் தொகை. அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்கு வழக்கமான கமிஷன் 15 சதவீதம். அதைப் பத்திரிகை கழித்துக்கொடுக்கும். அச்சு விளம்பர இடத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்.

ஒரு பேச்சுக்கு ஆங்கில நாளிதழின் கட்டணம் சதுர சென்டிமீட்டருக்கு 300 ரூபாய், தமிழ் நாளிதழுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முடிவுகளின் அட்டவணை 16 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம். ஆக 400 சதுர சென்டிமீட்டர். ஆங்கிலத்துக்கு 1,20,000, தமிழுக்கு 24,000, வரி 7,200. மொத்தம் 1,51,200. நான்கு காலாண்டுக்கு 6,04,800 ரூபாய். 500 கோடி லாபம் பார்க்கும் கம்பெனியின் கணக்கில் இது கண்ணுக்கே தெரியாது. ஆண்டுக்கு 50 லட்சம் லாபம் பார்க்கும் கம்பெனிக்கு லாபத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. பெரிய கம்பெனியின் வருமானம் கோடியில், சின்னக் கம்பெனியினது லட்சத்தில் இருக்கலாம். அட்டவணையில் இருவருக்கும் அதே எண்ணிக்கை வரிகள்தான். சென்டிமீட்டருக்குக் கம்பெனியின் அளவு தெரியாது.

சின்னக் கம்பெனிகள் இதற்கு வழி கண்டன. நாடு முழுக்கப் புழங்கும் ஆங்கில நாளிதழ் என்றுதான் விதி சொல்கிறது, எந்த நாளிதழ் என்று சொல்லவில்லை. ‘வட்டார மொழி நாளிதழ்’ என்பதற்கும் அதே சலுகை. சென்னைக் கம்பெனிகள் பங்குச் சந்தைக்கு அனுப்பிவைக்கும் விளம்பர நறுக்குகளைப் புரட்டினால் தமிழுக்கு மக்கள் குரலும் ஆங்கிலத்துக்கு டிரினிட்டி மிரரும் அடிக்கடி கண்ணில் படும். பஸ்ஸில் படிக்கிறவர் கையில் அந்தப் பத்திரிகை இருக்கிறதா என்பது கம்பெனி செக்ரட்டரியின் கவலையல்ல. அவருடைய கவலை 48 மணி நேரம். போர்டு மாலை ஆறு மணிக்கு முடிந்தால் சந்தைக்கு உடனே முடிவுகள் போக வேண்டும். ஏஜென்சிக்கு ரிலீஸ் ஆர்டர் போக வேண்டும். அட்டவணை தமிழில் தட்டச்சாகி ப்ரூஃப் வர வேண்டும். ‘தணிக்கை செய்யப்படாத தனித்த நிதிநிலை முடிவுகள்’ என்ற தலைப்பில் ஒற்று விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் குறைவு. நிகர லாபத்தில் ஒரு புள்ளி இடம் மாறியிருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். மறுநாள் பத்திரிகை வந்ததும் பக்கத்தை ஸ்கேன் செய்து சந்தையின் தளத்தில் ஏற்றினால் வேலை முடிந்தது. கம்பெனி காசு கொடுத்து வாங்கியது வாசகரையல்ல, அந்தக் கட்டிங்கை. இப்படிச் சொல்வதில் குற்றம்சாட்டும் தொனி இருந்தாலும், விதி கேட்டதும் அதைத்தான்.

அந்த வருமானத்தில் வேறு சிலர் பிழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விற்பனையில் பெரியதாக இல்லாத நாளிதழ்களுக்குக் கோர்ட்டு நோட்டீஸ், வங்கி ஏலம், டெண்டர், கம்பெனி முடிவுகள் ஆகிய நான்கும் நிலையான வரும்படி. ஏப்ரல்-மே, ஜூலை-ஆகஸ்ட், அக்டோபர்-நவம்பர், ஜனவரி-பிப்ரவரி என்று நான்கு அறுவடை. முடிவுகளை அறிவிக்கும் கடைசி நாளுக்கு மறுநாள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகக் கட்டம் கட்டிய எண்கள்.

தபால் செலவு தனிக்கதை. ஆண்டறிக்கையை அச்சடித்து ஒவ்வொரு பங்குதாரருக்கும் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் கட்டுப்படியாகாது. சாதாரணத் தபாலில் அனுப்பினால் அனுப்பியதற்கு அத்தாட்சி இல்லை. இரண்டுக்கும் நடுவில் தபால் துறை வைத்திருந்த வழி ‘சர்டிஃபிகேட் ஆஃப் போஸ்டிங்’. விலாசங்களை வரிசையாக எழுதிய தாளில் தபால்தலை ஒட்டிக் கவுண்டரில் நீட்டினால், வட்ட முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். உறை போய்ச் சேர்ந்ததா என்று தபால் துறை பொறுப்பேற்காது. போட்டார்கள் என்பதற்கு மட்டும் சாட்சி. 53ஆம் பிரிவுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆயிரக்கணக்கான பங்குதாரர் உள்ள கம்பெனியில் முத்திரை குத்திய தாள்களே ஒரு பீரோ பிடிக்கும். முன்தேதி முத்திரை வாங்கிவிடுகிறார்கள் என்ற புகார் நீதிமன்றங்களில் அடிக்கடி எழுந்த பழைய சேவை அது; 2011 ஜனவரியோடு தபால் துறை அதை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கம்பெனி விவகாரத் துறை ‘பசுமை முயற்சி’ என்ற பெயரில் மின்னஞ்சலில் அறிக்கை அனுப்பலாம் என்றது. பசுமை இருக்கட்டும், அச்சகத்துக்கும் தபாலுக்கும் போன தொகை மிச்சம் என்பதுதான் கணக்குப் பிரிவுக்குக் கேட்ட செய்தி.

இன்னொரு செலவு உள்ளூர் பங்குச் சந்தை. சென்னையில் 1920ல் ஒரு பங்குச் சந்தை தொடங்கியது. நூறு உறுப்பினரோடு ஆரம்பித்த அது சில ஆண்டுகளில் ஆளில்லாமல் தேய்ந்து, 1937ல் மறுபடி உயிர்பெற்றது. பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்திலுள்ள வட்டாரச் சந்தையில் கட்டாயம் பட்டியலிட வேண்டும் என்ற விதியால் பாடி, அம்பத்தூர் கம்பெனிகளுக்குச் செகண்ட் லைன் பீச்சிலிருந்த சென்னைச் சந்தையும் வேண்டும், வியாபாரம் நடக்கிற பம்பாய்ச் சந்தையும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுச் சந்தா, ஒவ்வொன்றுக்கும் அதே அறிவிப்பின் நகல். தேசியப் பங்குச் சந்தையின் திரை எல்லா ஊருக்கும் வந்தபின் சென்னைச் சந்தையில் வியாபாரம் வற்றியது. சந்தா மட்டும் வற்றவில்லை. 2003ல் செபி, நாடு தழுவிய சந்தையில் பட்டியல் இருந்தால் வட்டாரச் சந்தையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றது. விலகுவதாக ஆங்கிலத்திலும் இந்தியிலும் வட்டார மொழியிலும் பத்திரிகை அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னது. செலவைக் குறைக்கவும் ஒரு செலவு. சென்னைப் பங்குச் சந்தை 2015 மே மாதம் செபியின் உத்தரவோடு கடையைக் கட்டியது.

மற்ற நாடுகளும் வெவ்வேறு விதமாகக் காசு கொடுத்தன. பிரான்ஸில் 1907 முதலே கட்டாய அறிவிப்புகளுக்கென்று அரசின் தனி இதழ் உண்டு. லண்டனில் பங்குச் சந்தையே நடத்திய செய்திச் சேவை வழியாகத்தான் கம்பெனிகள் அறிவிக்க வேண்டியிருந்தது. 2002ல் போட்டிச் சேவைகளை அனுமதித்தார்கள். அங்கே ஒவ்வொரு அறிவிப்புக்கும் தனித்தனிக் கட்டணம் என்பது பழக்கம். அமெரிக்கா தொண்ணூறுகளின் நடுவில் எட்கர் என்ற மின்கிடங்கைக் கட்டி, எல்லோரும் இலவசமாகப் பார்க்கட்டும் என்று திறந்துவிட்டது. இந்தியா 2002ல் செபியும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கிய எடிஃபார் என்ற தளத்தைத் தொடங்கியது. 2010 ஏப்ரலில் அதை மூடி, இரண்டு பெரிய சந்தைகளும் சேர்ந்து நடத்திய தளத்துக்கு மாறியது. இங்கே சந்தையில் ஓர் அறிவிப்பை ஏற்றத் தனிக் காசு கிடையாது, ஆண்டுச் சந்தாவில் அடக்கம். எனவே 2002க்குப் பிறகு விந்தையான நிலை: எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடுவது ஏறக்குறைய இலவசம், கொஞ்சம் பேர் பார்க்கும் இடத்தில் போடுவதற்கு லட்சங்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டும் பக்கம் பக்கமாக நடந்தன.

சின்னச் சின்ன வெட்டுகள் நடந்தன. 2015 நவம்பரில் செபி பத்திரிகைக்கென்று சுருக்க அட்டவணை தந்தது. முழுக் கணக்கு சந்தைத் தளத்தில். பங்குகள் காகிதத்திலிருந்து டிமேட் என்ற மின்கணக்குக்குப் போனபின் பேரேட்டை மூடும் காரணமே ஏறக்குறைய போய்விட்டது. குறிப்பிட்ட நாளின் மாலையில், அந்த மின்கணக்கை வைத்திருக்கும் டெபாசிட்டரியிலிருந்து ‘பென்போஸ்’ என்ற கோப்பு வந்துவிடும், யார் யாரிடம் எத்தனை பங்கு என்று. ஆனாலும் பதிவேடு மூடல் அறிவிப்பு சட்டத்தில் நின்றது. 2013 சட்டப்படி அறிவிக்காமல் மூடினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு ஒரு லட்சம். அபராதத்தையும் விளம்பரக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை யாருக்காவது வந்திருந்தால் ஆச்சரியமில்லை. 2012ல் தொடங்கிய சிறு நிறுவனச் சந்தைப் பிரிவில் பட்டியலிட்டவர்களுக்கு 47ஆவது விதியே பொருந்தாது. தொழிற்பேட்டையின் நடுத்தரப் பட்டறைக்காரர் சந்தைக்குப் போக நினைத்தால் அது சின்ன விஷயமல்ல.

ஒரு விலாசம் எத்தனை மொழியில் விளம்பரம் கேட்கும் என்பதற்குத் தொழிற்பேட்டையிலிருந்தே ஒரு பெரிய உதாரணமும் உண்டு. சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் தொழில் 2008ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்து, பின்னர் வாப்கோ இந்தியா ஆனது. அதன் பதிவு அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, மூன்றாவது பிரதான சாலை. வாப்கோவின் உலகளாவிய தாய்க் கம்பெனியை ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கப்போவதாக 2019 மார்ச்சில் அறிவித்து, 2020 மே மாதம் வாங்கி முடித்தது. கைமாறியது வெளிநாட்டில்தான். ஆனாலும் இந்தியக் கம்பெனியின் சிறு பங்குதாரர்களிடம் ‘உங்கள் பங்கையும் தருகிறீர்களா’ என்று கேட்க வேண்டும் என்பது செபியின் கையகப்படுத்தல் விதி. அந்த விரிவான அறிக்கை ஓர் ஆங்கில தேசிய நாளிதழிலும், ஓர் இந்தி தேசிய நாளிதழிலும் எல்லாப் பதிப்பிலும் வர வேண்டும். பதிவு அலுவலகம் இருக்கும் ஊரின் மொழியிலும், பங்கு அதிகம் கைமாறும் சந்தை இருக்கும் ஊரின் மொழியிலும் வர வேண்டும். அம்பத்தூர் என்பதால் தமிழ், மும்பை என்பதால் மராத்தி. மொழிக்கொரு பத்திரிகை, பொடி எழுத்தில் நெருக்கிய பத்திகள், வாங்குபவர் செலவில். மூன்றாவது பிரதான சாலை என்ற விலாசம் மராத்தி வாசகர்முன் அச்சாகி நின்றது அந்த விதியின் புண்ணியத்தில்தான்.

அதே 2020ல் கொரோனா வந்து விதியையே சோதித்துப் பார்த்தது. ஊரடங்கின் முதல் வாரத்தில், மார்ச் 26ஆம் தேதி, பத்திரிகை விளம்பரம் கொடுக்க வேண்டாம் என்று செபி விலக்கு அளித்தது. சில பத்திரிகைகள் அச்சடிப்பதையே நிறுத்தியிருந்தன என்பது காரணம். மே 15 வரை என்றிருந்த விலக்கு பிறகு ஜூன் 30 வரை நீண்டது. அந்த மூன்று மாதமும் முடிவுகள் சந்தைத் தளத்தில் வந்துகொண்டுதான் இருந்தன. 2021 மே மாதம், போர்டு கூடுவதைப் பற்றிய முன்விளம்பரம் விதியிலிருந்து போனது. ஆண்டுக்கு 16 என்றிருந்த விளம்பரத்தில் எட்டு குறைந்தது. எஸ்.கே. மொஹந்தி தலைமையிலான நிபுணர் குழு 2024ல் கொடுத்த பரிந்துரைகளைத் தொடர்ந்து, அந்த ஆண்டு டிசம்பர் 12ல் விதி திருத்தப்பட்டது. இனி அட்டவணை வேண்டாம். ஒரு சிறிய ஜன்னல் விளம்பரம், அதில் கியூஆர் குறியும் முடிவுகள் இருக்கும் இணைய முகவரியும் போதும். முழுதாக வெளியிட விரும்புகிறவர் வெளியிடலாம்.

முன்பு போட்ட கற்பனைக் கணக்கையே தொடர்ந்தால், 8 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் கட்டத்துக்கு இரண்டு பத்திரிகையிலும் வரியோடு 30,240 ரூபாய். ஆண்டுக்கு 1,20,960. ஆறு லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சமான நான்கு பங்கு கம்பெனிக்கு லாபம், அதில் வரியும் கமிஷனும் போக மீதி நாளிதழ்களுக்கு இழப்பு. தாளில் எண்ணைப் படித்தே பழகிய பெரியவர்கள் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்துத்தான் இனி லாபத்தைப் பார்க்க வேண்டும்.

கம்பெனி சாகும்போது மட்டும் சட்டத்துக்குத் தொழிற்சாலை ஞாபகம் வந்தது, அதுவும் தாமதமாக. டன்லப் இந்தியாவின் பதிவு அலுவலகமும் கொல்கத்தா. கம்பெனியைக் கலைக்க 2013ல் உத்தரவிட்டது கல்கத்தா உயர் நீதிமன்றம். கலைப்பு மனுவை 1959ஆம் ஆண்டின் கம்பெனி நீதிமன்ற விதிகள்படி மாநில அரசிதழிலும், ஓர் ஆங்கில நாளிதழிலும், ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரப்படுத்த வேண்டும். எந்த மாநிலம், எந்த வட்டாரம்? வழக்கு நடக்கும் மாநிலம். அம்பத்தூர் ஆலையில் சம்பளப் பாக்கியோடு நின்றவர் வங்காளிப் பத்திரிகை வாங்கிப் படிப்பவரல்ல. 2016ல் வந்த திவால் சட்டத்தின் விதிமுறைகள் இதைச் சரிசெய்தன. இடைக்காலத் தீர்வாளர் நியமனமான மூன்று நாளுக்குள் பொது அறிவிப்பு வர வேண்டும். பதிவு அலுவலகம், முதன்மை அலுவலகம் இருக்கும் ஊர்களோடு, கம்பெனியின் முக்கிய வேலை நடப்பதாக அவர் கருதும் எந்த ஊரிலும் அந்த ஊர் மொழியில் வர வேண்டும். செலவை முதலில் வழக்குப் போட்டவரே கொடுக்க வேண்டும். கடன் கொடுத்தோர் குழு ஒப்புக்கொண்ட அளவுக்குப் பிறகு திரும்பக் கிடைக்கும். நன்றாக ஓடும் கம்பெனி லாபத்தை அறிவிக்க விலாசத்தை மட்டும் பார்க்கலாம், கடனில் மூழ்கிய கம்பெனி பட்டறை வாசல்வரை வந்து சொல்ல வேண்டும்.

கியூஆர் வந்ததால் பத்திரிகையோடு கணக்குத் தீர்ந்துவிடவில்லை. ஏழாண்டு டிவிடெண்டு வாங்காமல் கிடக்கும் பங்குகளை முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்றுவதற்கு மூன்று மாதம் முன்பு, உரியவருக்குத் தபாலும், ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் பத்திரிகை அறிவிப்பும் வேண்டும். மின்வாக்குப் பதிவு பற்றிப் பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்பு அதேபோலப் பத்திரிகை அறிவிப்பு. தொலைந்த பங்குச் சான்றிதழுக்கு நகல் கேட்பவர் கொடுக்கும் விளம்பரம் வேறு. மதிப்பு ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அது தேவையில்லை என்று 2022ல் தளர்த்தினார்கள். பிறகு 2025 ஜூலையில் ஒரு புதுக் கடமை முளைத்தது. 2019 ஏப்ரலுக்கு முன் பெயர் மாற்றக் கொடுத்துக் குறைபாட்டால் திரும்பிய காகிதப் பங்குகளை மீண்டும் ஏற்க, செபி ஆறு மாதச் சிறப்பு வாய்ப்பைத் திறந்தது. அதைப் பற்றிக் கம்பெனிகளும் பங்குப் பதிவாளர்களும் சந்தைகளும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சமூக ஊடகத்திலும் அச்சு ஊடகத்திலும் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்றது. ஏஜென்சிகளுக்கு மறுபடி ரிலீஸ் ஆர்டர்கள் போயின.